62, 67, 14, 27: ரொய்ஸ் குடும்பத்து ஹைன்ரிஷ்கள்

8 டிசம்பர் 2022, ஒரு வாசகரின் கேள்வி

ஜெர்மனியில் நேற்று ஆட்சிக் கவிழ்ப்புச் சதி என்ற குற்றச்சாட்டின் பேரில் கைதானவர்களில் ஒருவரைப் ‘பதின்மூன்றாம் ஹைன்ரிஷ்’ என்று செய்திகள் குறிப்பிடுகின்றன. அப்படியானால் இவருக்கு முன் 12 ஹைன்ரிஷ்கள் வரிசையாக அரியணை ஏறியிருக்க வேண்டும். ஜெர்மனியின் கடைசிப் பேரரசரே இரண்டாம் வில்ஹெல்ம்தான். அவர்களையும் விஞ்சிய பெரிய அரச குடும்பமா இது?

8 டிசம்பர் 2022, இரவு

இல்லை. அந்த 13 அரியணை எண் அன்று, பிறப்பு எண். ரொய்ஸ் குடும்பத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகள் அத்தனை பேருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர். நாடாளப் போகிறவனா, அவனுடைய தம்பியா, சித்தப்பா மகனா என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே அங்கே ஆளைக் காட்டுவது எண்தான். 1951 இல் பிறந்த இவர், இருபதாம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தின் இளைய கிளையில் எண் பெற்ற 13 ஆவது ஆண். குடும்பத்தின் ஆட்சி 1918 இலேயே முடிந்துவிட்டதால் இவர் எந்த நாட்டையும் ஆண்டவரல்லர். வழக்கைப் பற்றி நீதிமன்றம் சொல்லட்டும். நான் குடும்பத்தின் கணக்கை மட்டும் எழுதுகிறேன்.

9 டிசம்பர் 2022

நேற்று அவசரத்தில் முடித்துவிட்டேன். இந்தக் கணக்கோடு எனக்குப் பழைய பகை உண்டு. யேனா நகரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தபோது, அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கேராவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அங்கே வாங்கிய சிறு கையேட்டில் இளைய கிளையின் கடைசி நான்கு ஆட்சியாளர்களின் பட்டியல் இருந்தது: 62 ஆம் ஹைன்ரிஷ், 67 ஆம் ஹைன்ரிஷ், 14 ஆம் ஹைன்ரிஷ், 27 ஆம் ஹைன்ரிஷ். அச்சுப்பிழை என்றே முடிவுகட்டி, பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறி வேறு போட்டு வைத்தேன். பிழை அச்சில் இல்லை.

1668 இல் செய்துகொண்ட குடும்ப ஒப்பந்தத்திலிருந்து இது தொடங்குகிறது. குடும்பத்துக்கு அப்போது இரண்டு பெருங்கிளைகள் இருந்தன. கிரைட்ஸ் நகரை மையமாகக் கொண்ட மூத்த கிளை 100 வரை எண்ணிவிட்டு மறுபடி 1 இலிருந்து தொடங்குவது என்றும், கேராவைச் சார்ந்த இளைய கிளை ஒவ்வொரு நூற்றாண்டும் பிறந்ததும் புதிதாக 1 இலிருந்து தொடங்குவது என்றும் ஏற்பாடு. இப்போது அந்தப் பட்டியலைப் பாருங்கள். 62 ஆமவர் பிறந்தது 1785. அவருடைய தம்பியான 67 ஆமவர் 1789. இருவரும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணக்கில் வருகிறவர்கள். 67 ஆமவரின் மகன் 1832 இல் பிறந்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கில் 14 ஆமவர் ஆனார். அவருடைய மகன் 1858 இல் பிறந்த 27 ஆமவர். தந்தைக்கு 67, மகனுக்கு 14, பேரனுக்கு 27 என்று வருவதில் குழப்பம் எதுவுமில்லை. எண்ணைச் சொன்னால் எந்தத் தலைமுறை என்பதுகூட ஓரளவு தெரிந்துவிடுகிறது.

மூத்த கிளையின் ஆட்சியாளர்களுடைய எண்களோ சமர்த்தாக ஏறிக்கொண்டே போகின்றன: 11, 13, 19, 20, 22, 24. அங்கே 100 வரை எண்ணத் திட்டமிட்ட குடும்பம் 24 இல் முடிந்துவிட்டது.

10 டிசம்பர் 2022

ஏன் ஹைன்ரிஷ் என்று கேட்டிருக்கிறீர்கள். இவர்களுடைய முன்னோர் வைடா, கேரா, பிளாவன் ஆகிய ஊர்களை வைத்திருந்த ‘ஃபோக்ட்’கள். பேரரசரின் சார்பாக ஒரு நிலப்பகுதியில் வழக்குத் தீர்த்து, வரி வாங்கி, காவலும் பார்த்த அதிகாரிக்கு அந்தப் பெயர். இன்றும் அந்த வட்டாரத்துக்கு ஃபோக்ட்லாந்து என்றே பெயர், அதாவது ஃபோக்ட்களின் நாடு. பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ் 1190களில் இவர்களுக்குக் காட்டிய தயவுக்கு நன்றியாகவே எல்லா மகன்களுக்கும் அவர் பெயரை இடத் தொடங்கினார்கள் என்பது குடும்ப மரபு.

‘ரொய்ஸ்’ என்பது முதலில் பட்டப்பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் பிளாவன் கிளையைச் சேர்ந்த ஒரு ஹைன்ரிஷ், ருத்தேனிய இளவரசர் குலத்தோடு, அதாவது இன்றைய மேற்கு உக்ரைன் பகுதி ஆட்சியாளர்களோடு, மண உறவு கொண்டதால் ‘ருத்தேனியர்’ என்று அழைக்கப்பட்டார். அதன் ஜெர்மன் வடிவமே ரொய்ஸ். எல்லாரும் ஹைன்ரிஷாக இருக்கும் வீட்டில் பட்டப்பெயர்தான் நிலைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

1410 இல் போலந்து, லித்துவேனியப் படைகளிடம் தோற்று நொறுங்கிய டியூட்டானிய வீரத்துறவியர் சபையை மரியன்பர்க் கோட்டையில் நின்று காப்பாற்றி, அதன் தலைவராகவும் ஆன ஹைன்ரிஷ் இந்த ரொய்ஸ்களில் ஒருவரே.

17 டிசம்பர் 2022

மேலே உள்ள கடைசி வாக்கியத்தைத் திருத்த வேண்டும். மரியன்பர்க்கைக் காத்தவர் ஹைன்ரிஷ் ஃபோன் பிளாவன். ஃபோக்ட் குடும்பம் ஒன்றேதான், ஆனால் ரொய்ஸ் என்ற பட்டப்பெயர் அவருக்குச் சேராது. 1413 இல் சொந்தச் சபையாராலேயே பதவி பறிக்கப்பட்டு 1429 இல் இறந்தவர் அவர். ரொய்ஸ் கிளையைச் சேர்ந்த இன்னொரு ஹைன்ரிஷ் 1469, 1470 ஆண்டுகளில் அதே சபைக்குத் தலைவராக இருந்தார். இருவரையும் ஒருவராக்கி விட்டேன். 1668 இல் எண் போட்டவர்கள் 1400களுக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் எனக்கு இந்தச் சங்கடம் வந்திராது.

3 ஜனவரி 2023

முதல் நாள் எழுதும்போது இந்த எண் முறையை வெறும் குலப்பெருமை என்றே நினைத்திருந்தேன். இப்போது எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. சிக்கலின் வேர் பாகப்பிரிவினையில் இருக்கிறது.

1564 இல் மூன்று சகோதரர்கள் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மூவரும் ஹைன்ரிஷ் என்பதால் மூத்தவர், நடுப்பிள்ளை, இளையவர் என்றே ஊரார் அவர்களை அழைத்தார்கள். அந்த அடைமொழிகளே பிறகு கிளைகளின் பெயர்களாகி 1918 வரை அரசாங்க முத்திரைகளில் நின்றன. ‘மூத்த கிளை ரொய்ஸ்’, ‘இளைய கிளை ரொய்ஸ்’ என்று இரண்டு தனி நாடுகள் ஜெர்மன் பேரரசில் இருந்தன என்றால், அவற்றின் பெயருக்கு அடியில் இருப்பது பதினாறாம் நூற்றாண்டு அண்ணன் தம்பிகளின் வயது வித்தியாசம் மட்டுமே. நடுக்கிளை 1616 இல் வாரிசின்றி முடிந்தது. மற்ற இரண்டும் நிற்காமல் உட்பிரிந்தன. இளைய கிளையிலிருந்து கேரா, ஷ்லைட்ஸ், லோபன்ஷ்டைன், ஏபர்ஸ்டோர்ஃப், கோஸ்ட்ரிட்ஸ் என்று கிளைகள் முளைத்தன. மூத்த மகனுக்கே முழு உரிமை என்ற வழக்கம் அங்கே காலம் கடந்துதான் வந்தது. அதுவரை ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு கேட்கப் புதிய பங்காளிகள் பிறந்துகொண்டே இருந்தார்கள். ஐந்து கிளைகளிலும் ஒரே பெயர் என்னும்போது எந்தக் கிளையில் யார் பிறந்தாலும் பொதுவான ஒரு வரிசையில் எண் கொடுக்காவிட்டால் பத்திரத்தில் கையெழுத்திட்டது யார் என்பதே வழக்காகிவிடும். ஆகவே அது பெருமைக்கான முறை என்பதைவிடப் பங்காளிகளுக்கான பொதுப் பதிவேடு என்றே இப்போது நினைக்கிறேன். இந்த நோக்கத்தை ஒப்பந்தமே சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது என்னுடைய ஊகம்.

1802 இல் கேராக் கிளை முடிந்தபோது நடந்தது இதைவிட வேடிக்கையானது. கேராவை யார் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்வதற்குப் பதில், எஞ்சிய கிளைகள் அதைக் கூட்டுச் சொத்தாக வைத்துப் பல பத்தாண்டுகள் சேர்ந்தே நிர்வகித்தன.

4 ஜனவரி 2023

‘வேறு பெயர் வைத்துத் தொலைத்திருக்கலாமே’ என்ற மறுமொழிக்கு என்னிடம் விடையில்லை.

15 ஜனவரி 2023

இசையமைப்பாளரான 24 ஆம் ஹைன்ரிஷ், கடைசி மூத்த கிளை இளவரசரான 24 ஆம் ஹைன்ரிஷ், இருவரும் ஒருவரா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. இசையமைப்பாளர் இளைய கிளையின் கோஸ்ட்ரிட்ஸ் பிரிவைச் சேர்ந்தவர். 1855 இல் பிறந்து 1910 இல் இறந்தவர். சிம்பொனிகளும் நால்வர் இசைகளும் எழுதியவர். மற்றவர் 1878 இல் பிறந்து 1927 இல் இறந்தார். இரண்டு கிளைகளும் தனித்தனியாக எண்ணுவதால் ஒரே எண் இருவருக்கு வரும். மூன்றாம் தேதி நான் ‘பொதுப் பதிவேடு’ என்று எழுதியதை, கிளைக்கு ஒன்றாக இரண்டு பதிவேடுகள் என்று திருத்தி வாசிக்கவும். என் ஊகம் உடனே கொஞ்சம் மெலிந்துவிட்டது.

5 பிப்ரவரி 2023

எண்ணே இல்லாமல் நினைவில் நிற்கும் ரொய்ஸ் ஒருவர் உண்டு. 1572 இல் தந்தை இறந்த பிறகு பிறந்ததால் அவரை ‘போஸ்துமஸ்’ என்று அழைத்தார்கள். கேராவை 1635 இல் இறக்கும்வரை ஆண்டவர். அவர் 1608 இல் நிறுவிய பள்ளி, ருத்தேனியப் பட்டப்பெயரை ஏந்தி ‘ருத்தேனியும்’ என்று இன்றும் அழைக்கப்படுகிறது. நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து வந்த கம்பளி நெசவாளர்களுக்கு அந்த ஊர் இடம் கொடுத்ததும் அவருடைய காலத்தில்தான். கேரா துணி நகரமானதன் தொடக்கம் அது.

அவரைப் பற்றி என்னால் மறக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. சாவதற்கு முன்பே தம் சவப்பெட்டியைச் செய்யச் சொல்லி, அதன் மேல் விவிலிய வசனங்களையும் துதிப்பாடல் அடிகளையும் தாமே தேர்ந்தெடுத்துப் பொறிக்கச் செய்தார். அதே வசனங்களை எடுத்து 1636 பிப்ரவரியில் நடந்த இறுதிச் சடங்குக்கு இசையமைத்தவர் ஹைன்ரிஷ் ஷூட்ஸ். ரொய்ஸ் ஆட்சிக்குட்பட்ட கோஸ்ட்ரிட்ஸில் 1585 இல் பிறந்தவர், இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கு நூறாண்டு மூத்தவர், பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையின் தலைமகன். சவப்பெட்டியின் எந்தப் பக்கத்தில் எந்த வசனம் என்று ஆட்சியாளர் முடிவு செய்ய, அதைப் பாட்டாக்கியவர் அவருடைய மண்ணில் பிறந்தவர். இசையின் பெயர் தெரியாமலே முதன்முறை ஒரு தேவாலயத்தில் அதைக் கேட்டேன். வெளியே வந்த பிறகுதான் யாருடைய சாவுக்கு என்று தெரிந்தது.

கோஸ்ட்ரிட்ஸ் என்றால் ஜெர்மானியர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கருநிற பீர்தான் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

26 பிப்ரவரி 2023

பெண்களுக்கு எண் கிடையாது, அதனால் அவர்களை அடையாளம் காண்பது சுலபம் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உண்மை. அதோடு, இந்தக் குடும்பத்தின் தடம் உலகத்தில் பதிந்ததும் பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான்.

ஏபர்ஸ்டோர்ஃப் பிரிவில் 1757 இல் பிறந்த அவுகுஸ்தே, கோபர்க் கோமகனை மணந்தார். அவருடைய மகன்களில் ஒருவர் பெல்ஜியத்தின் முதல் மன்னர் லியோபோல்ட். மகள் வழிப் பேத்தி இங்கிலாந்தின் விக்டோரியா அரசி, மகன் வழிப் பேரன் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட். 1877 முதல் இந்தியாவின் பேரரசி என்று பட்டம் சூட்டிக்கொண்டவரின் பாட்டி, வரைபடத்தில் விரல் வைத்தால் மறைந்துவிடும் ஒரு ரொய்ஸ் ஊரிலிருந்து வந்தவர்.

அதே ஏபர்ஸ்டோர்ஃபில் 1700 இல் பிறந்த எர்ட்முத்தே டொரோத்தேயா, ஹெர்ன்ஹூட் சகோதர சபையை உருவாக்கிய சின்ட்ஸன்டோர்ஃப் பிரபுவை 1722 இல் மணந்தார். கணவர் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து திரிய, சொத்தையும் கணக்கையும் பார்த்துச் சபை திவாலாகாமல் காத்தவர் இந்த அம்மையார் என்றால் மிகையன்று. அவர் 1756 இல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1760 இல், அந்தச் சபையின் சகோதரர்கள் தரங்கம்பாடிக்கு வந்து ஒரு தோட்டக் குடியிருப்பை அமைத்தார்கள். இந்த நூல் மெல்லியதுதான், இருந்தாலும் அறுந்ததன்று.

பல்கேரியாவின் முதலாம் ஃபெர்டினாண்டை 1908 இல் மணந்த எலியனோரேயும் ரொய்ஸ்தான், கோஸ்ட்ரிட்ஸ் பிரிவு. மருத்துவத் தாதியாகப் போர்க்களங்களில் உழைத்து 1917 இல் இறந்தார்.

19 மார்ச் 2023

கனமாகிவிட்டது, ஒரு சிரிப்பு. லோபன்ஷ்டைன், ஏபர்ஸ்டோர்ஃப் பகுதிகளை ஆண்ட 72 ஆம் ஹைன்ரிஷ், ஒவ்வொருவரையும் அவரவர் பதவிப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருந்தார். இந்த ஒரு கொள்கையின் மேல் தாம் இருபது ஆண்டுகளாகச் சவாரி செய்துவருவதாக அவர் வெளியிட்ட ஆணை நாடெங்கும் நகைப்புக்கு இடமாகி, ‘கொள்கைச் சவாரிக்காரர்’ என்ற சொல் ஜெர்மன் மொழியில் நிலைத்துவிட்டது. கொள்கையை விட்டு இறங்காதவர் 1848 புரட்சியில் அரியணையை விட்டு இறங்கினார். அவருடைய நிலம் ஷ்லைட்ஸ் கிளைக்குப் போய், இளைய கிளை ஒருவழியாக ஒன்றுபட்டது. எண்ணைத் தவிர வேறு அடையாளமில்லாத குடும்பத்தில் பிறந்தவர் பதவிப் பெயரின் மேல் உயிரை வைத்திருந்தார் என்பதைச் சிரித்து ஒதுக்க என்னால் முடியவில்லை.

2 ஏப்ரல் 2023

கிரைட்ஸ் பற்றி எழுதாமல் இருப்பது நியாயமில்லை. கேராவிலிருந்து வெள்ளை எல்ஸ்டர் ஆற்றை ஒட்டியே போகும் ரயிலில், நவம்பர் மாதத்து ஈரத்தில், இரண்டாம் முறை போனேன். நிலையத்திலிருந்து பார்த்தாலே குன்றின் உச்சியில் மேல் அரண்மனை தெரியும். கீழே ஊருக்குள் கீழ் அரண்மனை. ஒரே சிற்றூருக்குள் மேல் கிரைட்ஸ், கீழ் கிரைட்ஸ் என்று இரண்டு ரொய்ஸ் பிரிவுகள் 1768 வரை தனித்தனியே ஆட்சி நடத்தின. இவர் ஜன்னலைத் திறந்தால் அவர் கூரை தெரிந்திருக்கும். இரண்டையும் சேர்த்தவர் 11 ஆம் ஹைன்ரிஷ். 1722 இல் பிறந்து, மறு ஆண்டே பட்டத்துக்கு வந்து, 1800 வரை 77 ஆண்டுகள் அதிலிருந்தவர். 1778 இல் அவருக்குப் பேரரசின் இளவரசர் தகுதியும் கிடைத்தது. அதுவரை இவர்கள் பிரபுக்களே.

இப்போது, நான் இந்த இழையில் எழுத விரும்பிய மனிதருக்கு வருகிறேன். 22 ஆம் ஹைன்ரிஷ், 1846 இல் பிறந்தவர், 13 வயதில் பட்டத்துக்கு வந்தவர். பொறுப்பாட்சி நடத்தியது அவருடைய தாய் கரோலினே. பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த 1866 போரில் கரோலினே ஆஸ்திரியாவின் பக்கம் நின்றார். பிரஷ்யப் படை கிரைட்ஸுக்குள் நுழைந்தது. தண்டமாக 1 லட்சம் தாலர் கட்டிய பிறகே நாடு தப்பியது. அதே ஆண்டு அவருடைய பிறந்த வீடான ஹெஸ்ஸன் ஹோம்பர்க்கையும் பிரஷ்யா விழுங்கியது. இருபது வயது மகன் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன். வேறு வழியின்றி வட ஜெர்மன் கூட்டமைப்பில் சேர்ந்தான், பிறகு பேரரசிலும் சேர்ந்தான். ஆனால் 1902 இல் சாகும்வரை பிரஷ்யாவை மன்னிக்கவில்லை. ஏறத்தாழ 317 சதுர கிலோமீட்டர் நாட்டை வைத்துக்கொண்டு பிஸ்மார்க்கை எதிர்த்து வாக்களித்த ஆள்.

அவருக்கு ஐந்து மகள்கள், ஒரே மகன். மகன் மேலே சொன்ன 24 ஆமவர். உடலும் மனமும் நலிந்திருந்ததால் ஆள முடியவில்லை. பொறுப்பாட்சி இளைய கிளையின் கைக்குப் போனது. நான்காம் மகள் ஹெர்மினே கணவனை இழந்து, குழந்தைகளோடு இருந்தார். 1922 நவம்பர் 5 அன்று, நெதர்லாந்தின் டோர்ன் மாளிகையில் அவர் மறுமணம் செய்துகொண்டார். மணமகன், நாடிழந்து அங்கே தங்கியிருந்த முன்னாள் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், பிரஷ்ய ஹோஹன்ட்ஸோலர்ன் குடும்பத்தின் தலைவர். தந்தை உயிரோடிருந்திருந்தால் அந்த மருமகனை வாசல்படி ஏற விட்டிருக்க மாட்டார்.

கிரைட்ஸ் கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கிய தேநீர்க் கடையில் இந்தக் கதையை என்னிடம் சொன்ன முதியவர் மணமகனின் பெயரைக் கடைசிவரை நிறுத்தி வைத்திருந்தார். நானும் அப்படியே செய்துவிட்டேன்.

3 ஏப்ரல் 2023

‘1866 இல் இருபது வயதென்றால் பொறுப்பாட்சி ஏன் தொடர்ந்தது?’ 1867 வரை தாயே நடத்தினார். 21 நிரம்பிய பிறகே மகன் நேரடியாக ஆளத் தொடங்கினார்.

11 நவம்பர் 2023

முடிவு எப்படி வந்தது என்ற கேள்வி பல மாதங்களாகக் கிடப்பில் இருக்கிறது.

1918 நவம்பரில் 27 ஆம் ஹைன்ரிஷ் இரண்டு நாடுகளுக்குமாக விலகினார். இளைய கிளை நாட்டுக்கு அவரே ஆட்சியாளர். மூத்த கிளை நாட்டுக்குப் பொறுப்பாட்சியாளர். 1919 இல் இரண்டும் சேர்ந்து ‘ரொய்ஸ் மக்கள் நாடு’ என்ற ஒரே குடியரசாயின. 1564 இல் மூன்று சகோதரர்கள் பிரித்த நிலம் 350 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு ஹைன்ரிஷும் ஆளாத நிலையில், மறுபடி ஒன்றானது. ஏறத்தாழ ஓராண்டுதான். 1920 மே 1 முதல் அது தூரிங்கியாவின் பகுதி.

24 ஆமவர் 1927 இல் இறந்ததோடு மூத்த கிளை அற்றுப்போனது. 27 ஆமவரின் மகன் 45 ஆம் ஹைன்ரிஷ், நாடகத்தின் மேல் பித்துக்கொண்டு கேரா அரங்கத்துக்காக உழைத்தவர், 1945 இல் சோவியத் படையினரால் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. 1962 இல் இறந்தவராக அறிவிக்கப்பட்டார். கேராவில் அவர்களுடைய ஓஸ்டர்ஷ்டைன் அரண்மனை அதே 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் எரிந்தது. வட்டக் கோபுரம் மட்டும் மிச்சம். கேராவில் நான் சில மாதங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரப் பாட்டி, தம் தாயார் அந்த நெருப்பை ஆற்றின் இக்கரையிலிருந்து பார்த்ததாகச் சொல்லுவார். ‘அரசரைப் பார்த்திருக்கிறாரா’ என்று ஒருமுறை கேட்டேன். ‘எந்த ஹைன்ரிஷைக் கேட்கிறாய்?’ என்றார்.

இன்றிருப்பவர்கள் எல்லாரும் கோஸ்ட்ரிட்ஸ் பிரிவின் வழியில் வந்தவர்கள். முதல் கேள்வியில் வந்த 13 ஆமவரும் அப்படியே. கேள்வி கேட்டவருக்கு ஒரு கூடுதல் தகவல்: 1951 இல் பிறந்த இவரை வலையில் தேடும்போது, 1747 இல் பிறந்து 1817 வரை கிரைட்ஸை ஆண்ட 13 ஆம் ஹைன்ரிஷின் ஓவியம் எழுந்து வந்தால் குழம்ப வேண்டாம்.

12 நவம்பர் 2023

நேற்றைய குறிப்பில் ‘350 ஆண்டுகள்’ என்பதை 355 என்று வாசிக்கவும். கையேட்டின் ஓரத்தில் போட்ட பழைய கேள்விக்குறியை இன்று அழித்துவிட்டேன்.